செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் செடான்: வாங்கும் முன் எதை, எந்த வரிசையில் பார்ப்பது

ஸ்போர்ட்ஸ் செடான் பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் சாவியை வாங்கி ஓட்டிப் பார்க்கிறார்கள். தப்பு அங்கேதான் தொடங்குகிறது. 230 பிஎஸ் (குதிரைத் திறன்) காரில் ஒரே ஒரு தடவை ஆக்சிலரேட்டரை முழுசாக அழுத்திவிட்டால் போதும், அப்புறம் கண்ணில் படுகிற எல்லாக் குறைக்கும் மனசு ‘பரவாயில்லை’ போட்டுவிடும். அதனால் கீழே உள்ள வரிசையில் ஓட்டிப் பார்ப்பது எட்டாவதாகத்தான் வரும். அதற்கு முன்னால் உள்ள ஏழில் எங்காவது கார் தோற்றால் ஓட்டாமலே திரும்பி வந்துவிடலாம். ஒரு காருக்கு அரை நாள் ஒதுக்குங்கள்.

1. எந்தப் படியில் உள்ள கார் என்று முடிவு செய்யுங்கள்

நம் சந்தையில் இந்தப் பெயரில் மூன்று படி இருக்கிறது. ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் ஜிடி, ஸ்கோடா ஸ்லாவியா 1.5, ஹூண்டாய் வெர்னா டர்போ முதல் படி. 150, 160 பிஎஸ். ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230, ஆர்எஸ் 245 அடுத்தது. பிஎம்டபிள்யூ 330ஐ 258 பிஎஸ், எம்340ஐ 387 பிஎஸ். இவை மேல் படி.

பிஎஸ் எண்ணை அப்படியே ஒப்பிடாமல் காரின் எடையால் வகுத்துப் பாருங்கள். விர்டஸ் ஜிடி சுமார் 1,250 கிலோ, அதாவது டன்னுக்கு 120 பிஎஸ். ஆர்எஸ் 230-க்கு சுமார் 160. எம்340ஐ 1,700 கிலோவைத் தாண்டினாலும் அதற்கு 220 வருகிறது. நிறுவனங்கள் சொல்லும் 0-100 நேரமும் இதையே காட்டும்: ஆர்எஸ் 230-க்கு 6.8 விநாடி, எம்340ஐ-க்கு 4.4.

இதை ஏன் முதலில் செய்ய வேண்டும் என்றால், ஏறத்தாழ ஒரே பணத்துக்குப் புது விர்டஸ் ஜிடியும் கிடைக்கும், வயதான ஜெர்மன் காரும் கிடைக்கும். வாங்கும் விலை ஒன்றாக இருக்கலாம், வைத்துக்கொள்ளும் செலவு ஒன்றாக இருக்காது. காருக்கு எட்டு வயதாகிவிட்டது என்பதற்காக அதன் டயர் விலை பாதியாகிவிடாது. எம்340ஐ சென்னைக்குப் பக்கத்தில் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டி ஆலையில் பூட்டப்பட்ட கார், அதனால் பாகங்கள் மலிவாகக் கிடைக்கும் என்று நம்பி வருகிறவர்களும் உண்டு. முகப்பு விளக்கு ஒன்றின் விலையைக் கேட்டால் அந்த எண்ணம் போய்விடும். ஆர்எஸ் 245 முழுதாக இறக்குமதியான கார், 2020-ல் இந்தியாவுக்கு வந்ததே 200 தான். அதன் பம்பருக்கு எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும் என்பதை வாங்குவதற்கு முன்பே சர்வீஸ் சென்டரில் விசாரித்துவிடுங்கள்.

2. கையில் என்னென்ன வேண்டும்

ஒரு டார்ச், டயர் பிரஷர் கேஜ், பெயிண்ட் தடிமன் அளக்கும் மீட்டர், போனோடு இணைந்து காரின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர். ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகனுக்கு விசிடிஎஸ் அல்லது ஓபிடிஇலெவன், பிஎம்டபிள்யூவுக்கு பிம்மர்லிங்க் மாதிரியான செயலி வைத்துக்கொள்ளுங்கள். பொதுவான மலிவு ஸ்கேனர் இன்ஜினை மட்டும் படித்துவிட்டு கியர்பாக்ஸ், ஏபிஎஸ், ஏர்பேக் பக்கம் போகாமல் நின்றுவிடும்.

கூட ஒரு ஆள் வேண்டும். விற்பவரோடு பேச ஒருவர், காரைப் பார்க்க ஒருவர். இரண்டையும் ஒரே ஆள் செய்தால் பேச்சு ஜெயிக்கும், கார் தப்பித்துவிடும்.

இன்னொன்று: ‘நாங்கள் வரும் வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்’ என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். காரணம் ஐந்தாவது பகுதியில் வரும்.

3. காரைத் தொடும் முன் காகிதம்

வண்டி எண் கிடைத்ததும் அரசின் பரிவாஹன் தளத்தில் பாருங்கள். எத்தனையாவது உரிமையாளர், ஹைப்போதிகேஷன் (கார் மேல் கடன்) இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை, இ-சலான் பாக்கி உண்டா என்பது தெரியும். லோன் கட்டி முடித்தும் ஆர்சியில் வங்கிப் பெயர் இன்னும் இருந்தால் வங்கி என்ஓசியும் (ஆட்சேபமில்லைச் சான்று), ஆர்சியிலிருந்து வங்கிப் பெயரை நீக்கும் ஃபார்ம் 35-ம் கைக்கு வராமல் ஒரு ரூபாய்கூட நகர்த்த வேண்டாம்.

தயாரான மாதத்தையும் பதிவான மாதத்தையும் ஒப்பிடுங்கள். 2018 நவம்பரில் தயாராகி 2019 ஜூலையில் பதிவான கார் விளம்பரத்தில் ‘2019 மாடல்’ ஆகிவிடும். விலை பேசும்போது தயாரான வருடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வெளிமாநிலக் காரில் கவனம் தேவை. இந்த வகைக் கார் பெங்களூரிலும் புதுச்சேரியிலும் நிறைய விலைக்கு வரும், பார்த்தால் ஒன்றிரண்டு லட்சம் குறைவாகவும் தெரியும். ஆனால் இங்கே பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஓட்ட வேண்டுமானால் மறுபதிவு செய்தாக வேண்டும், தமிழ்நாட்டு ஆயுள் வரியைக் காரின் வயதுக்கு ஏற்பக் கட்ட வேண்டும். 2023-ல் வரி உயர்ந்த பிறகு 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கே 20 சதவீதம். பழைய காருக்கு அது வயதைப் பொறுத்துக் குறையும், இல்லாமல் போகாது. பழைய மாநிலத்தில் கட்டிய வரியைத் திரும்ப வாங்குவது விற்பவர் சொல்கிற அளவுக்குச் சுலபமான வேலையும் இல்லை. அந்த வரியைக் கூட்டிய பிறகுதான் அது மலிவா இல்லையா என்று தெரியும்.

பலரும் தவறவிடுவது இன்சூரன்ஸ் பாலிசியில் உள்ள என்சிபி சதவீதம், அதாவது கிளெய்ம் எடுக்காததற்கான தள்ளுபடி. கிளெய்ம் இல்லாமல் ஒரு வருடம் போனால் 20, பிறகு 25, 35, 45, 50 என்று அது ஏறும். கிளெய்ம் எடுத்தால் அடுத்த பாலிசியில் பூஜ்யம். ஆறு வயதுக் கார், ‘ஒரு கீறல்கூட விழாத வண்டி சார்’ என்கிறார், பாலிசியில் என்சிபி 20 என்று இருக்கிறது. அப்படியானால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. என்ன நடந்தது என்று கேளுங்கள், பில்லைக் காட்டச் சொல்லுங்கள். என்சிபி பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் எடுத்திருந்தால் இந்தத் தடயம் கிடைக்காது, அதையும் பாலிசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். அந்தத் தள்ளுபடி விற்பவருடையது, காரோடு உங்களுக்கு வராது. உங்கள் பிரீமியத்தைக் கணக்கிடும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

சர்வீஸ் வரலாற்றில் கிலோமீட்டர் ஏறுமுகமாக வருகிறதா என்று பாருங்கள். ஆர்எஸ் 230-ல் இருப்பது எண்ணெயில் ஊறும் கிளட்ச் கொண்ட ஆறு கியர் டிஎஸ்ஜி, அதாவது இரட்டை கிளட்ச் உள்ள தானியங்கி கியர்பாக்ஸ். அதன் எண்ணெயையும் ஃபில்டரையும் 60,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். 75,000 ஓடிய காரில் அந்தப் பில் இல்லை என்றால், செலவு மிச்சம் பிடிக்கும் ஆள் கையில் இருந்த கார் என்று எடுத்துக்கொள்ளலாம். பிஎம்டபிள்யூவின் எட்டு கியர் பெட்டிக்கு ‘ஆயுள் முழுக்க எண்ணெய் மாற்ற வேண்டாம்’ என்பார்கள். அந்தப் பெட்டியைச் செய்கிற இசட்எஃப் நிறுவனம் 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது.

4. மூன்று வருடக் கணக்கு

காரின் மதிப்பு என்பது இன்று கேட்கிற விலை மட்டும் இல்லை. மூன்று வருடத்தில் அது மொத்தமாக எவ்வளவு விழுங்கும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கீழே உள்ளவை மாதிரி எண்கள்தான், உங்கள் ஊரில் கேட்டு நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஓர் ஆர்எஸ் 230-க்கு 18 லட்சம் கொடுக்கிறீர்கள், மூன்று வருடம் கழித்து 13-க்கு விற்கிறீர்கள்: 5 லட்சம் போயிற்று. வருடம் 12,000 கிலோமீட்டர், நகரத்தில் லிட்டருக்கு 9, பெட்ரோல் 100 ரூபாய் என்றால் மூன்று வருடத்துக்கு 4 லட்சம். இன்சூரன்ஸ் ஒன்றரை. நான்கு டயர் 60,000. பிரேக் டிஸ்க், பேட் 70,000. சர்வீஸ் 90,000. எதிர்பாராத ரிப்பேருக்கு 2 லட்சம். கூட்டினால் 14.7 லட்சம், மாதம் 40,000-க்கு மேல். இதை இஎம்ஐயோடு சேர்த்துப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். ரிப்பேர் செலவைத் தாளிலிருந்து அழித்துவிட்டு ‘கட்டுப்படியாகிறது’ என்று சொல்கிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். வாரண்டி முடிந்த டர்போ காரில் அந்தச் செலவு அழியாது.

எதிர்ப்பக்கத்தில் புதுக் காரின் இன்றைய விலையை வையுங்கள், பழைய பில்லை வைக்காதீர்கள். 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு பெரிய கார்களுக்கு செஸ் (கூடுதல் வரி) போய் ஜிஎஸ்டி 40 சதவீதம் ஆனது, அதற்கு முன் விர்டஸ் ஜிடி போன்ற காருக்குச் செஸ்ஸோடு 45. புதுசின் விலை இறங்கியபோது பழசும் கூடவே இறங்கியிருக்க வேண்டும். ‘நான் வாங்கினபோது ஆன்ரோடு இவ்வளவு’ என்று தொடங்கும் பேச்சுக்கு மதிப்பு இல்லை.

5. குளிர்ந்த இன்ஜினோடு தொடங்குங்கள்

போனதும் பானெட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏற்கெனவே ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். டைமிங் செயின் தளர்ந்த சத்தம், வால்வ் சீலில் கசிந்த எண்ணெயின் நீலப் புகை, ஐடிலில் தடுமாற்றம் எல்லாம் குளிரில் முதல் சில விநாடிகளில்தான் வெளிப்படும், சூடானால் ஒளிந்துகொள்ளும். சூடாக இருந்தால் ‘மாலை வருகிறேன்’ என்று கிளம்புங்கள்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் கூலண்ட் அளவைப் பாருங்கள். ஆக்டேவியாவின் 2.0 இன்ஜினில் தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் இருக்கும் பிளாஸ்டிக் கூடு கசிவது தெரிந்த நோய். கோட்டுக்குக் கீழே கூலண்ட், கூட்டைச் சுற்றி இளஞ்சிவப்புக் கறை இரண்டும் இருந்தால் விலையில் கழிக்க ஓர் இனம் கிடைத்தது. தண்ணீர் ஊற்றி அளவை மட்டும் சரி செய்து வைத்திருப்பார்கள். நிறம் வெளிறியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

இப்போது ஒருவர் பின்னால் நின்று புகையைப் பார்க்க, இன்னொருவர் ஸ்டார்ட் செய்யட்டும். காலையில் கொஞ்சம் வெள்ளை ஆவி வருவது சகஜம், ஆனால் நீலமோ இனிப்பு வாடையோ வரக்கூடாது.

6. உடம்பு: பெயிண்டும் வெள்ளமும்

பெயிண்ட் மீட்டரை ஒரு பேனலுக்கு நாலு இடத்தில் வையுங்கள். கம்பெனி பெயிண்ட் பொதுவாக 90 முதல் 150 மைக்ரானுக்குள் இருக்கும். ஒரு கதவு மட்டும் 250 காட்டினால் மறுபூச்சு, 500-ஐத் தாண்டினால் உள்ளே புட்டி. பம்பரோ கதவோ மறுபூச்சு ஆனதற்காகக் காரை விட வேண்டியதில்லை. கூரையிலும், ஏ பில்லரிலும் (முன் கண்ணாடியின் ஓரத் தூண்), இன்ஜின் அறையின் பக்கச் சட்டங்களிலும் அந்த எண் வந்தால் விட்டுவிடுங்கள். சட்டம் வளைந்து நிமிர்ந்த கார் 100 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் நேராகப் போகும் என்ற உறுதி இல்லை.

சென்னைக் காரில் 2015 டிசம்பரையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்த நாட்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தரைத்தளப் பார்க்கிங்கில் மூழ்கிய கார்கள் வேறு ஊருக்குப் போய்ப் பளபளப்பாகத் திரும்பி வரும். சீட் பெல்ட்டை முழுசாகக் கடைசி வரை இழுங்கள். உருளையில் சுற்றியிருக்கும் கடைசி ஓரடி நாடாவை யாரும் கழுவுவதில்லை. அங்கே ஒரு பழுப்புக் கோடு, அதன் கீழே விரலால் தேய்த்தால் மண் வருகிறது என்றால் தண்ணீர் அந்த உருளை வரை ஏறியிருக்கிறது. அப்புறம் சீட் தண்டவாளத்தின் துரு, ஸ்டெப்னி குழி, கார்ப்பெட்டுக்கு அடியில் உள்ள ஃபோம். பிஎம்டபிள்யூவில் பேட்டரி டிக்கியில் இருக்கிறது. அந்தக் குழிக்குள் தண்ணீர் நின்ற தடம் இருந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டாம்.

7. ஸ்கேனர் போடுங்கள், அழித்த தடயத்தைத் தேடுங்கள்

பிழைக் குறியீடு ஒன்றுமே இல்லாத பழைய ஜெர்மன் கார் எனக்குச் சந்தேகத்தைத்தான் தரும். ‘ரெடினஸ் மானிட்டர்’ என்ற பக்கத்தைத் திறங்கள். கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், ஆக்ஸிஜன் சென்சார் போன்றவற்றைக் கார் தானே சோதித்து முடித்ததா என்று அது சொல்லும். பல வரிகள் ‘தயாரில்லை’ என்று இருந்தால் யாரோ சமீபத்தில் குறியீடுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். சில நாள் ஓட்டிய பிறகு மறுபடி வருவதாகச் சொல்லுங்கள். முகம் மாறுகிறதா என்று பாருங்கள்.

கிலோமீட்டர் எண் மீட்டரில் மட்டும் இருப்பதில்லை, வேறு சில பெட்டிகளிலும் பதிவாகும். அவற்றை ஒப்பிடுங்கள்.

ரீமேப் (கூடுதல் திறனுக்காக இன்ஜின் மென்பொருளை மாற்றுவது) பற்றி நேராகக் கேளுங்கள். இந்த வகைக் காரில் அதன் முதல் கட்டமான ஸ்டேஜ் 1 போடுவது சகஜம், விற்கும்போது பழைய மென்பொருளை ஏற்றிவிடுவார்கள். ஸ்டேஜ் 1 போட்டதாலேயே கார் கெட்டுப்போய்விடாது. ஆனால் கிளட்சும் டர்போவும் கூடுதல் பாரம் சுமந்திருக்கும், விலை அதற்கேற்ப இருக்க வேண்டும். ஃபோக்ஸ்வேகன் குழுமக் கார்களில் ரீமேப் கண்டுபிடிக்கப்பட்டால் அவர்கள் கணினியில் டிடி1 என்ற குறி விழும், இன்ஜின் வாரண்டி போய்விடும். வாரண்டி மிச்சமுள்ள விர்டஸ் ஜிடியை வாங்குகிறவர் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் இதைச் சரிபார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. ஏர் இன்டேக்கும் சைலன்சரும் வெளியில் வாங்கிப் போட்டவை, ஆனால் ‘ரீமேப் இல்லை’ என்கிறார் என்றால் நான் நம்ப மாட்டேன்.

8. ஓட்டம்: முதலில் நடை வேகம்

சாவி இப்போதுதான். இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று மறுபடி பார்த்துவிட்டு, ரேடியோவை அணைத்து, ஏசியைப் போட்டுக் கிளம்புங்கள்.

முதல் பத்து நிமிடம் 20-ஐத் தாண்டாதீர்கள். இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸின் நோய் மெதுவாகப் போகும்போதுதான் தெரியும். விர்டஸ் ஜிடியின் ஏழு கியர் டிஎஸ்ஜி உலர் கிளட்ச் வகை, நம் ஊர் டிராஃபிக் சூடு அதற்கு ஆகாது. ஒரு மால் பேஸ்மென்ட் சரிவில் நிறுத்தி, பிரேக்கை விட்டு ஊர்ந்து ஏற விடுங்கள். நடுங்குகிறதா? ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது உதறுகிறதா? ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றி எண்ணுங்கள். ஒரு விநாடிக்கு மேல் யோசித்துவிட்டு ‘டக்’ என்று பிடித்தால் செலவு காத்திருக்கிறது.

பிறகு நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஸ்பீட் பிரேக்கர்கள் உள்ள தெருவில் போங்கள். விர்டஸுக்குத் தரை இடைவெளி 179 மில்லிமீட்டர், கவலை இல்லை. மேல் படிக் கார்களில் அடி தட்டும். உங்கள் வீட்டு கேட் சரிவில் தட்டுமா என்பது 0-100 நேரத்தைவிட உங்களுக்கு முக்கியம்.

9. சூடேறிய பிறகு வேகத்தை அளங்கள்

அரை மணி நேரம் நெரிசலில் ஓடிய பிறகுதான் இந்தச் சோதனை. டர்போ இன்ஜின் உறிஞ்சும் காற்று சூடானால் திறன் குறையும், சித்திரை வெயிலில் நீங்கள் ஓட்டப்போவது அந்தக் குறைந்த திறனைத்தான்.

0-100 வேண்டாம். அடுத்தவர் காரில் லாஞ்ச் கன்ட்ரோல் (நின்ற இடத்திலிருந்து முழு வீச்சில் கிளப்பும் வசதி) போடுவது மரியாதையும் இல்லை. காலியான, நேரான சாலையில், வேக வரம்புக்குள், 20-லிருந்து 80 வரை முழு ஆக்சிலரேட்டர் கொடுங்கள். ஓவர்டேக் செய்ய உதவுவது இந்த எண்தான். பக்கத்தில் இருப்பவர் மீட்டரைப் போனில் வீடியோ எடுக்கட்டும், வீட்டில் நிறுத்தி நிறுத்திப் பார்த்து நேரம் குறிக்கலாம். அதே சாலை, அதே திசை, அதே ஆட்கள், ஏசி அதே நிலை: மூன்று தடவை.

மூன்றாவது ஓட்டம் முதலாவதைவிடக் கொஞ்சம் மெதுவாக இருந்தால் சரி. ஒவ்வொரு தடவையும் தெளிவாகச் சரிந்துகொண்டே போனாலும், 4,000 ஆர்பிஎம் பக்கம் இழுவை திக்கினாலும் இக்னிஷன் காயில், ஸ்பார்க் பிளக், டர்போ குழாயில் காற்றுக் கசிவு இவற்றில் ஒன்று. முதல் இரண்டும் சின்னச் செலவுதான். எது என்று தெரியாமல் விலை பேசாதீர்கள்.

10. பிரேக், டயர்

80-லிருந்து திடமாகப் பிரேக் பிடித்து நிறுத்துங்கள், பின்னால் வண்டி இல்லாதபோது மூன்று முறை. ஸ்டீயரிங் அதிர்ந்தால் டிஸ்க் சீராகத் தேயவில்லை. பெடல் ஆழமாகப் போனால் பிரேக் எண்ணெய் பழசு. டிஸ்கின் மேலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். ஓரத்தில் விரல் நகம் தடுக்கும் அளவுக்கு விளிம்பு எழும்பியிருந்தால் மாற்றும் நாள் நெருங்கிவிட்டது.

டயரின் பக்கத்தில் நாலு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ன் 23-வது வாரம். பட்டன் ஆழமாக இருந்தாலும் ஆறு வயது டயர் இந்த வேகத்துக்கு ஆகாது. நான்கும் ஒரே பிராண்டாக இல்லாமல், அதுவும் ஒரே அச்சில் வெவ்வேறாக இருந்தால், மற்ற செலவுகளையும் இதே கையால்தான் செய்திருப்பார். பிஎம்டபிள்யூவில் ரன்ஃபிளாட் (பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர்) இருக்கிறதா, கழற்றிவிட்டுச் சாதா டயர் போட்டார்களா என்று பாருங்கள். போட்டிருந்தால், ஸ்டெப்னியும் இல்லாத காரில் பஞ்சருக்கு என்ன வழி என்று கேட்க வேண்டும்.

11. லிஃப்டில் ஏற்றுங்கள்

விற்பவருக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் போகாதீர்கள். நீங்கள் பணம் கொடுக்கும் இடத்துக்குப் போங்கள். அடித்தட்டைக் கழற்றச் சொல்லி எண்ணெய்க் கசிவு, ஷாக் அப்சார்பர் ஈரம், கன்ட்ரோல் ஆர்ம் புஷ், சைலன்சரில் வெட்டி ஒட்டிய வெல்டிங் பாருங்கள். கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழாய் இருந்தால், புகைச் சான்றிதழ் எப்படிக் கிடைத்தது என்று விசாரியுங்கள்.

விற்பவர் லிஃப்டுக்கே சம்மதிக்கவில்லை என்றால் அங்கேயே முடிந்தது.

12. விலையும் பணமும்

‘கொஞ்சம் குறைச்சுக்கொடுங்க அண்ணா’ என்று தொடங்கினால் பத்தாயிரம்தான் குறையும். கையில் உள்ள தாளை வைத்துப் பேசுங்கள்: டயர் 60,000, முன் டிஸ்க் 35,000, கூலண்ட் கூடு இவ்வளவு, கியர்பாக்ஸ் எண்ணெய் இவ்வளவு என்று எஸ்டிமேட்டோடு காட்டினால் மறுத்துப் பேச அவருக்கு இடம் குறைவு. ரீமேப், மறுபூச்சு மாதிரிப் பில் போட முடியாதவற்றைக் கடைசியில் எடுங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும்போது எழுதி வாங்குங்கள்: வண்டி எண், பேசிய விலை, என்ஓசி வராவிட்டால் பணம் திரும்ப வரும் என்ற வரி. மீதிப் பணம் வங்கி வழியாக, ஆர்சியில் பெயர் உள்ளவர் கணக்குக்கு மட்டும். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 கையெழுத்து, இரண்டு சாவி, சர்வீஸ் பில்கள் எல்லாம் அன்றே கைக்கு வர வேண்டும். இரண்டாவது சாவி ‘ஊரில் இருக்கிறது’ என்றால் அதன் விலையைக் கழித்துக்கொள்ளுங்கள், ஜெர்மன் காருக்கு அது சின்னத் தொகை இல்லை.

டெலிவரி எடுத்த நாளையும் மணியையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள், அதற்கு முந்தைய சலான்கள் அவருடையவை. அவருடைய ஃபாஸ்டேகைக் கிழித்துவிட்டு உங்களுடையதை ஒட்டுங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். மூன்றாம் நபர் கவர் தானாக வந்துவிடும், உங்கள் கார் சேதத்துக்கான கவர் அப்படி வராது. அந்த மாற்றம் முடியும் வரை காரை நீண்ட பயணத்துக்கு எடுக்க வேண்டாம்.